சமவாய்ப்பும் கடைசித் தெருவும்

மேல்நிலைப் பள்ளிப் புள்ளியியல் புத்தகத்தில் 'சமவாய்ப்புக் கூறெடுப்பு' என்று ஒரு பாடம் வரும். ஒரு கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் பொறுக்கப்பட ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிய சிலரிடம் கேட்டாலே மொத்தக் கூட்டத்தின் மனசைச் சொல்லிவிடலாம் என்பது அந்தப் பாடத்தின் சாரம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் அம்மாக்கள் சொல்வதுதான். ஆனால் சோறு பார்ப்பதற்கு முன்னால் பானையைக் கிளறிவிட வேண்டும் என்பதையும் அம்மாக்கள் அறிவார்கள். மேலாக இருக்கிற சோற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கினால் அடியில் இருப்பது குழைந்ததா வேகவில்லையா என்று தெரியாது. இந்தத் தேசத்தின் அரசியல் கருத்தை அளந்தவர்கள் பானையைக் கிளறினார்களா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இது எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 1990களின் பின்பகுதியில், பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு தேர்தல் ஆய்வுக்குக் களப்பணியாளனாகப் போனேன். ஒரு படிவம் முடித்தால் இவ்வளவு என்று கூலி. களை வெட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை; நிழலில் செய்யலாம், அவ்வளவுதான். டவுனில் ஒரு லாட்ஜ் மாடியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலை எடு. மொத்தப் பெயரை வேண்டிய எண்ணிக்கையால் வகு. குலுக்கலில் வந்த எண்ணில் தொடங்கி, அத்தனை பேருக்கு ஒருவர் என்று எண்ணிக்கொண்டே போ. யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே கேள். ஆள் இல்லையென்றால் மறுபடி போ, மூன்று தடவை போ. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து எழுதாதே. கட்சிக்காரரோடு போகாதே. தனியாகக் கேள். எவ்வளவு சுத்தமான விதிகள்! எனக்கு அன்று பெரிய மரியாதையே வந்துவிட்டது. மணியக்காரர், கவுண்டர், நாட்டாமை யாரும் தீர்மானிக்காமல், ஒரு எண் தீர்மானிக்கிறது யாரைக் கேட்பதென்று.

என் பங்குக்கு வந்த ஒரு ஊரில் பட்டியலில் ஏறத்தாழ தொள்ளாயிரம் பெயர். இருபத்தைந்து பேரை எடுக்க வேண்டும். முப்பத்தாறுக்கு ஒருவர். முதல் அறுநூறு பெயரும் ஊர்த்தெருக்கள், கோயில் தெரு, மேலத்தெரு, கீழத்தெரு என்று போய், கடைசி முன்னூறு 'காலனி' என்று ஒரே தலைப்பில் முடிந்தது. நான் பார்த்த பட்டியல்களில் பெரும்பாலும் இப்படித்தான். நாம் கடைசிப் பக்கம். ஊர்ப்பகுதியில் வீட்டுக்கு எண் உண்டு. காலனியில் பல வீடுகளுக்கு எண் இல்லை, இருந்தாலும் ஒரே எண்ணில் பத்துக் குடும்பம். பெயர்களும் அப்படியே. ஊர்ப்பகுதியில் 'ராமசாமி' என்று இருப்பது காலனிப் பக்கத்தில் 'ராமன்' ஆகிவிடும். பட்டியல் எடுத்தவன் வாய்க்கு வந்தது பெயர்.

கணக்குப்படி எட்டுப் பேர் காலனியில் வந்தார்கள். என்னோடு வந்த கூட்டாளி, நல்ல பையன், ஊர்ப்பகுதியை முடித்துவிட்டுச் சொன்னான்: "அங்க எதுக்குடா போவணும்? எல்லாம் நடவுக்குப் போயிருக்கும். இங்கயே டீக்கடையில எட்டுப் பேரைப் புடிச்சி எழுதிடலாம். பேரு மட்டும் லிஸ்ட்ல இருக்கிறத போட்டுக்க." அவனுக்கு என் சாதி தெரியாது. கெட்ட எண்ணத்தில் சொன்னதும் இல்லை. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதுதான் அவன் கவலை. ஒரு எட்டுப் பேர் இப்படித்தான் மறைகிறார்கள். ஆறு மணி பஸ்ஸுக்காக.

இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரர்களின் அந்த வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன.

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை. 1936 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? மொத்தம் 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். பத்திரிகை மானம் போய்ச் சில காலத்தில் மூடப்பட்டது. காரணம் சுலபம். முகவரிகளை எங்கேயிருந்து எடுத்தார்கள்? டெலிபோன் வைத்திருந்தவர் பட்டியல், கார் வைத்திருந்தவர் பட்டியல். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் கார்க்காரனைக் கேட்டு நாட்டைச் சொல்லப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பியவர்களும் ரூஸ்வெல்ட் மேல் கோபம் கொண்டவர்களாகவே அதிகம் இருந்தார்கள். அதே வருஷம் ஜார்ஜ் காலப் என்பவர் வெறும் ஐம்பதாயிரம் பேர் அளவில் கேட்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். அன்றிலிருந்து காலப்தான் கருத்துக்கணிப்பின் தாத்தா.

இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற கதை. அதிகம் சொல்லப்படாத கதை இன்னொன்று. காலப் முறையில் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பணக்காரர், இத்தனை ஏழை என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரைப் பிடிப்பது என்பது கேட்கப்போகிறவர் விருப்பம். அவருக்குப் பிடித்த தெருவுக்குப் போவார், சிரித்துப் பேசுகிற வீட்டில் உட்காருவார். அதைவிட முக்கியம், ஓட்டுப் போடுகிறவர்களின் கருத்தைத்தான் அளக்கிறோம் என்று காலப் வைத்துக்கொண்டார். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, அடி உதை என்று ஓட்டு மறுக்கப்பட்டிருந்தது. எனவே கணிப்பிலும் அவர்கள் பெரும்பாலும் இல்லை. ஓட்டில்லாதவனுக்குக் கருத்தும் இல்லை என்றாகிவிட்டது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் 'அமெரிக்க மக்களின் கருத்து' என்று அச்சான விழுக்காடுகளுக்குள் லட்சக்கணக்கான கறுப்பர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். 1948இல் டூயி ஜெயிப்பார் என்று சொல்லி, ட்ரூமன் ஜெயித்து, காலப் உட்பட எல்லோருக்கும் மூக்குடைந்த பிறகுதான் பங்கு பிரிக்கும் முறை மதிப்பிழந்தது. குலுக்கலில் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை மேலே வந்தது. தெற்கத்திக் கறுப்பர்களுக்கு ஓட்டு உறுதிப்பட 1965 வாக்குரிமைச் சட்டம் வரைக்கும் ஆனது.

சரி, குலுக்கலில் கறுப்பர் வீடு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதவைத் தட்டுகிறவன் யார்? 1942இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரிடம் கறுப்பரையும் பாதிப் பேரிடம் வெள்ளையரையும் அனுப்பி ஒரே கேள்விகளைக் கேட்கவைத்தார்கள். ராணுவம் கறுப்பர்களை அநியாயமாக நடத்துகிறதா என்ற கேள்விக்கு, கறுப்பர் கேட்டபோது நூற்றுக்கு 35 பேர் ஆமாம் என்றார்கள். வெள்ளையர் கேட்டபோது 11 பேர்தான் ஆமாம் என்றார்கள். ஊர் ஒன்று, கேள்வி ஒன்று, ஜனங்களும் அதே ஜனங்கள். வாசலில் நிற்கிறவனின் தோல் மாறியதும் பதில் மாறிவிட்டது. இதில் யார் பொய் சொன்னார்கள் என்று கேட்பது அபத்தம். வெள்ளைக்காரன் வாசலில் நின்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்னூறு வருஷப் பாடம். நம் பாட்டன்மாரும் 'ஆமாங்க சாமி' என்ற ஒற்றை பதிலில் எத்தனையைப் புதைத்திருக்கிறார்கள்!

நம் நாட்டில் எண்ணப்படுவதே ஒரு போராட்டமாக இருந்தது. கருத்து கேட்பதெல்லாம் பிறகு. அயோத்திதாச பண்டிதர் 'தமிழன்' இதழில், 1911 குடிக்கணக்கில் நம்மவர் இந்து என்று எழுதாமல் பௌத்தர் என்று பதிய வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். யார் எழுதுகிறான், எந்தக் கட்டத்தில் எழுதுகிறான் என்பதில்தான் ஒரு சமூகத்தின் தலையெழுத்து இருக்கிறது என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டவர் அவர். அதே கணக்கெடுப்புக்காகத்தான் ஆணையர் கெய்ட் பத்துச் சோதனைகளை வகுத்து அனுப்பினார். கோயிலுக்குள் விடுகிறார்களா, தொட்டால் தீட்டா, பிணத்தைப் புதைக்கிறார்களா, மாட்டுக்கறி தின்கிறார்களா என்கிற வகையில் அந்தச் சோதனைகள் போகும். முழு இந்துவாகக் கருத முடியாதவர் யார் என்று பிரித்தெடுக்க வந்த கேள்விகள் அவை. இந்துத் தலைவர்கள் மத்தியில் பெரிய கூச்சல் எழுந்தது.

1932இல் லோதியன் தலைமையில் வாக்குரிமைக் குழு வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் அதில் உறுப்பினர். தீண்டத்தகாதவர்கள் எத்தனை பேர் என்ற எளிய கேள்வியை அந்தக் குழு மாகாணம் மாகாணமாகக் கேட்டது. அதுவரைக்கும் அந்த எண்ணிக்கையைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. எண்ணிக்கைக்கு ஏற்றபடி சட்டசபை இடம் என்றதும் வட மாகாணங்களில் சாதி இந்துக்கள் எண்ணிக்கையைச் சுருக்க ஆரம்பித்தார்கள். எங்கள் மாகாணத்தில் அப்படிப்பட்டவர்களே இல்லை என்று சொல்லுமளவுக்குப் போனார்கள். கிணற்றில் தண்ணி எடுக்கப் போனால் இருந்த தீண்டாமை, கமிட்டி வந்த அன்று மாயமாகிவிட்டது! பாபாசாகேப் இதைப் பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். நான் களத்துக்குப் போவதற்கு முன்னால் அதைப் படித்திருந்தால் என் கூட்டாளியின் டீக்கடை யோசனையைப் பார்த்து அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஓட்டு. 1951–52 முதல் தேர்தலுக்குப் பட்டியலில் ஏறியவர்கள் பதினேழு கோடிப் பேருக்கும் மேல். அதிலும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றுதான் அவர்கள் பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பட்டியல் என்பது ஏதோ இயற்கையாக விளைந்த பொருள் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2025இல் பீகாரில் தீவிரத் திருத்தம் என்று நடத்தி, வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டு நின்றபோது, அதற்குள் தலித்துகள் எத்தனை, செங்கல் சூளைக்கும் பஞ்சாப் வயலுக்கும் போனவர்கள் எத்தனை என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. பட்டியலில் இல்லாதவன் ஓட்டுப் போட முடியாது. முப்பத்தாறாவது ஆளாகவும் அவன் வரமாட்டான்.

குலுக்கல் முறையில் வீடு வீடாகப் போவதை இந்தியாவில் பெரிய அளவில் நிலைநாட்டியவர் மகலனோபிஸ். வங்காளத்தில் சணல் விளைச்சலை அளக்கத் தொடங்கியவர், 1950இல் தேசிய மாதிரி ஆய்வைக் கொண்டுவந்தார். ஆனால் அந்த ஆய்வு கேட்டது எவ்வளவு அரிசி வாங்கினாய், எவ்வளவு துணி வாங்கினாய் என்பதை. யாருக்கு ஓட்டு என்பதைக் கேட்க ஐம்பதுகளில் தில்லியில் எரிக் டா கோஸ்டா ஒரு நிறுவனம் தொடங்கினார். பிறகு 1963இல் ரஜினி கோத்தாரி உருவாக்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 தேர்தலில் நாடு தழுவிய ஆய்வை நடத்தியது. 1971க்குப் பின் இந்த வரிசை நீண்ட காலம் நின்றுபோய், 1996இல் மறுபடியும் பெரிதாகத் தொடங்கியது. அந்த முறை 9,614 பேரைப் பார்த்தார்கள். 2004இல் 27,189 பேர். வாக்காளர் பட்டியலில் குலுக்கி எடுத்து, வீட்டுக்குப் போய், தாய்மொழியில் கேட்டு, யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு மட்டும் ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போடச் சொல்கிற முறை.

தொண்ணூறுகளில் இந்த ஆய்வுகளிலிருந்து வந்த ஒரு முடிவு நமக்கு முக்கியம். உலகத்தில் பல நாடுகளில் படித்தவனும் பணக்காரனும்தான் அதிகம் ஓட்டுப் போடுகிறான். இந்தியாவில் அப்படி இல்லை. தலித்துகளும் ஏழைகளும் மேல்சாதிக்காரர்களுக்குக் குறையாமல், பல இடங்களில் அவர்களை மிஞ்சியே சாவடிக்குப் போகிறார்கள் என்று அந்த எண்கள் காட்டின. யோகேந்திர யாதவ் இதை இரண்டாவது ஜனநாயக எழுச்சி என்று எழுதினார். 'சாராயத்துக்கும் ஐம்பது ரூபாய்க்கும் ஓட்டுப் போடுகிற கூட்டம்' என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பொதுப்புத்திக்கு, ஒரு எண் அட்டவணை பதில் சொன்னது. புள்ளிவிவரத்தையே ஆதிக்கத்தின் கருவி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடும் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு இங்கேதான் முரண்பாடு. எண் நமக்கும் சாட்சி சொல்லும். சாட்சிக் கூண்டுக்கு நம் ஆளைக் கூப்பிட்டார்களா என்பதுதான் வழக்கு.

ஊருக்கு வருகிறேன்.

ஊர்ப்பகுதியில் ஒரு பெரியவர் வீடு. திண்ணையில் உட்காரச் சொன்னார். நான் படிவத்தைப் பிரிப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"செஞ்சிப் பக்கங்க."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே. ஊர்ல எந்தத் தெரு?"

"மெயின் ரோட்டுலங்க."

"மெயின் ரோட்டுல ஆரு வீடு? அப்பா பேரு என்ன, என்ன பண்றாரு?"

என் படிவத்தில் சாதிக் கேள்வி கடைசிப் பக்கத்தில் இருந்தது. மனசு பழகிய பிறகு கேட்க வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள். அவருடைய படிவத்தில் அதுதான் முதல் கேள்வி. நான் அப்பா பெயரைச் சொன்னேன். அப்பா பெயரில் எல்லாம் தெரிந்துவிடும். அவர் ஒன்றும் திட்டவில்லை. "சரி கேளு" என்றார். 'தம்பி' அதற்கப்புறம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியவர் கண்ணைக் காட்டினார், சொம்பு உள்ளே திரும்பிப் போனது. நாற்பது கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார். தலித்துகளுக்கு அரசாங்கம் செய்வது போதுமா, அதிகமா என்று ஒரு கேள்வி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போதும்னு எழுதிக்க" என்றார். அந்தப் பதில் யாருடையது? அவருடையதா, என் முன்னால் அவர் சொல்ல விரும்பியதா? மெம்பிஸ் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்.

காலனிக்கு இரவு ஏழு மணிக்கு மேல் போனேன். கூட்டாளி பஸ் ஏறிவிட்டான். எட்டில் ஒருவர் செத்துப்போய் மூன்று வருஷம். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை. மற்ற ஆறு பேரும் கிடைத்தார்கள். நம்ம ஆள் என்று தெரிந்ததும் கயிற்றுக் கட்டில் வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது. ஆனால் தனியாகக் கேட்பது எப்படி? தெருவே கூடிவிட்டது. ஒரு பெண்ணிடம் கேட்டால் புருஷன் பதில் சொல்கிறான். அவனை அதட்டி உட்காரவைத்தால் மாமனார் சொல்கிறார். சேரிக்குள்ளும் ஒரு ஊர் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறு பேரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியம்மா. வயசு கேட்டதற்கு, "பெரிய புயலு அடிச்ச வருசம் எனக்கு மூத்தவன் வவுத்துல இருந்தான், நீயே போட்டுக்க" என்றார். படிவத்தில் ஒரு கேள்வி: இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா? பதிலுக்கு இரண்டே கட்டம். போட்டேன், போடவில்லை.

"போட்டுட்டாங்கப்பா" என்றார்.

"நீங்க போட்டீங்களா பெரியம்மா?"

"அதான் சொல்றனே. போட்டுட்டாங்க. நான் காலைல கூலிக்குப் போய்ட்டு மத்தியானம் வரிசைல போயி நின்னேன். ஒன் ஓட்ட அப்பவே போட்டாச்சு, போயி ஜோலியப் பாருன்னாங்க. இந்தா பாரு, வெரல்ல மை இல்ல."

தெருவில் அன்று பலருக்கு விரலில் மை இல்லை. சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஏஜெண்டுகள் எல்லாம் ஊர்க்காரர்கள். எந்தக் கட்சி ஏஜெண்டாக இருந்தாலும் ஊர்க்காரர்தான். கட்சி வேறு, தெரு ஒன்று. என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. 'போட்டேன்' என்றால் பொய். 'போடவில்லை' என்றாலும் பொய்தான். போகாமலிருந்தவருக்கும் போய் விரட்டப்பட்டவருக்கும் ஒரே கட்டமா? 'போடவில்லை' என்று குறித்தால் அடுத்து 'ஏன்' என்று கேள்வி. ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, அக்கறை இல்லை, பிற. நான் 'பிற'வைக் குறித்து, ஓரத்தில் இடம் பற்றாமல் பின்பக்கமும் எழுதினேன்.

அடுத்துக் கேட்டது: உங்கள் ஓட்டால் நாட்டு நடப்பில் ஏதாவது மாற்றம் வருமா?

இது பழைய கேள்வி. 1971 ஆய்விலேயே இருந்தது. அப்போது வரும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 48 பேர் அளவில். 1996இல் அது ஏறத்தாழ 59 ஆகியிருந்தது. ஏழை எளியவர்கள் மத்தியிலும் அந்த நம்பிக்கை வளர்ந்திருப்பதாக எழுதினார்கள். ஓட்டுப் பறிபோன இவரிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விதி, கேட்டேன். பெரியம்மா கோபப்பட்டார்.

"மாறாதுன்னா எதுக்குப்பா அவன் எங்களப் போட விடாம தடுக்கறான்?"

'வரும்' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து முத்திரை குத்திப் பெட்டியில் போடச் சொன்னேன். அந்தத் தெருவில் அதற்குப் போட்டி வந்துவிட்டது. பட்டியலில் இல்லாதவர்களெல்லாம் எனக்கும் ஒரு சீட்டுக் கொடு என்று நின்றார்கள். விதிப்படி கொடுக்கக் கூடாது. பெரியம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி, நிதானமாகக் குத்தி, மடித்துப் போட்டார். அந்தத் தேர்தலில் அவர் கையால் போட்ட ஒரே ஓட்டு என் அட்டைப் பெட்டிக்குள் விழுந்தது.

படிவங்களைத் திருப்பிக் கொடுத்தபோது சூப்பர்வைசர் பின்பக்கம் எழுதியதைப் படித்தார், "ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க" என்றார். பிறகு பென்சிலால் அந்த 'பிற'வுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டார். குறியீட்டுத் தாளைப் பார்த்தேன். அது 'அக்கறை இல்லை'க்கு உரிய எண். பஞ்சிங் போகிற அவசரத்தில் போட்டாரா, வேறு எண் கிடைக்காமல் போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் வாதாடினேன். "ஒரு கேஸுதானே, மொத்தத்துல அடிபட்டுப் போயிடும்" என்றார்.

மொத்தத்தில் அடிபட்டுப் போனது எத்தனை என்று யோசிக்கிறேன். பயம் கற்பனை அல்ல. 1996இல் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம், 2006 வரைக்கும், தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. 1999இல் சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவன் முதன்முதலாக நின்று இரண்டு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியபோது, அந்த ஓட்டுக்காகவே குடிசைகள் எரிந்தன. இப்படி ஒரு ஊரில், முகம் தெரியாத ஒரு பேண்ட் சட்டைக்காரன் வந்து, "நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டால், ஊரில் எந்தக் கட்சி வலுவோ அதைச் சொல்வதுதான் உயிரோடிருக்கிறவன் புத்தி.

அதனால்தான் தொலைக்காட்சி நிபுணர்கள் அடிக்கடி கவிழ்கிறார்கள். 2004இல் வாஜ்பாய் கூட்டணி திரும்ப வரும் என்றார்கள், வரவில்லை. 2007இல் உத்தரப் பிரதேசத்தில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். 403இல் 206 இடத்தோடு மாயாவதி தனியாக ஆட்சி அமைத்தார். 2024இல் நானூறு என்கிற அளவுக்குக்கூட ஏற்றிச் சொன்னார்கள், பா.ஜ.க. 240இல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் நம் மௌனத்தின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். சாவடி வாசலில் அவசரமாகப் பிடித்துக் கேட்பதும் வீட்டுக்குப் போய்க் கேட்பதும் ஒன்றல்ல. ஆனால் 2007ஐ மட்டும் நான் நம்மவர் வாய்மூடிச் செய்த காரியமாகவே படிக்கிறேன்.

கணிப்புக்காரர்களைத் திட்டுவதோடு இது முடியவில்லை. நாம் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நம் தெருவின் ஓட்டை அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிப் பெட்டிகளைக் கலந்து எண்ணும் ஏற்பாட்டுக்கு விதி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு சாவடி வாரியாக எண் வெளியாகிறது. காலனிக்கென்று தனிச் சாவடி கேட்டு வாங்கினோம், அது பெரிய வெற்றி. பெரியம்மாவை விரட்டுகிறவன் அங்கே இல்லை. ஆனால் எண்ணி முடித்த சாயங்காலமே காலனிச் சாவடி யாருக்கு எத்தனை என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் வேலை இல்லை, வரப்பில் நடக்க விடுவதில்லை. பல சாவடி இயந்திரங்களைச் சேர்த்து ஒரே கூட்டலாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஆய்வாளனிடம் மறைத்து ஆகப்போவதென்ன, ஆட்சியர் அலுவலகமே சொல்லிவிடுகிறதே!

இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் சமூகப்பணி, சமூகவியல் படித்துவிட்டு இந்த ஆய்வுகளுக்குப் போகிறார்கள். படிவத்துக்கு இவ்வளவு என்ற கூலி மாறவில்லை, காகிதத்துக்குப் பதில் கைப்பேசி. கைப்பேசிச் செயலியில் ஓரமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. போகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். கிராம நிர்வாக அலுவலரோடு காலனிக்குள் நுழையாதீர்கள். பகலில் போனால் கிழடுகளைத்தான் பார்ப்பீர்கள், கூலி முடிந்து திரும்புகிற நேரம் போங்கள். பெண்களிடம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேளுங்கள். செத்தவர் பெயர் வந்தால் செத்தார் என்றே எழுதுங்கள், ஆள் மாற்றாதீர்கள். 'பிற' என்று வந்தால் அந்த ஆளின் வார்த்தையை அப்படியே ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நோட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

என் நோட்டில் அந்த ஆறு பேர் சொன்னதும் இருக்கிறது. நான்கு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது காலனிக்கும் போனேன். பெரியம்மா இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, பெட்டிக்காரத் தம்பி என்று கூப்பிட்டார். சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து கேட்டார்: "நாங்க போட்டதெல்லாம் எண்ணுனீங்களாப்பா? ஆரு செயிச்சா?"